எஞ்சிய அன்னமும் இல்லறச் சிக்கனமும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி, மாதர் பகுதியின் ஏற்பாட்டில் ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பாரதக் கதையில் வனவாசப் பகுதியைக் கேட்டிருப்போர் அட்சய பாத்திரத்தை மறந்திருக்கமாட்டார்கள். சூரிய பகவானை வழிபட்டுத் தருமர் பெற்ற பாத்திரம் அது. எத்தனை பேர் வந்தாலும் அன்னம் சுரந்துகொண்டே இருக்கும். ஆயினும் அதற்கு ஒரு நியதி உண்டு. திரௌபதி உண்டு முடித்துவிட்டால் அன்றைய பொழுதுக்கு அது சுரக்காது. துர்வாச முனிவர் தம் சீடர் கூட்டத்தோடு வந்து சேர்ந்ததோ, அவள் உண்டு பாத்திரத்தையும் கழுவிய பிறகு. செய்வதறியாது அவள் கண்ணனை நினைக்கிறாள். கண்ணன் வந்து பாத்திரத்தை வாங்கிப் பார்க்கிறான். விளிம்பில் ஒரு பருக்கையும் சிறிது கீரையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதை எடுத்து அவன் உண்கிறான். ஆற்றில் நீராடிக்கொண்டிருந்த முனிவர் கூட்டத்துக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.

இக்கதையைக் கூறுவோர் கண்ணனின் கருணையோடு நிறுத்திவிடுவது வழக்கம். அதற்குள் ஓர் இல்லத்தின் நடைமுறையும் அடங்கியிருக்கிறது. திரௌபதி எல்லாருக்கும் பரிமாறிவிட்டு இறுதியில்தான் உண்டாள். பாத்திரத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பது அவள் ஒருத்திக்கே தெரிந்த செய்தி. இன்றைக்கும் ஈப்போவிலோ கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ ஒரு தமிழ் வீட்டில், இரவு பத்து மணிக்குச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்து, இதை என்ன செய்வது என்று நிற்பவர் பெரும்பாலும் அவ்வீட்டின் தாயார்தான். கொட்ட மனம் வராது. எடுத்து வைக்க இடம் இருக்காது. வைத்தாலும் நாளை யாரும் தொடமாட்டார்கள். அந்த நேரத்தில் அவர் எடுக்கின்ற முடிவில் அக்குடும்பத்தின் பணமும் அடங்கியிருக்கிறது, உடல்நலமும் அடங்கியிருக்கிறது. அதுவே இன்றைய பொருள்.

தோட்டப்புற வாழ்க்கையில் இக்கேள்விக்கு அத்தனை இடமில்லை. இரவு மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தால், விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்படுவோருக்கு அதுவே பசியாறல். வடித்த கஞ்சி மாட்டுக்குப் போயிற்று. காய்கறித் தோல் ஆட்டுக்கும், அரிசி களைந்த நீர் வாழை அடிக்கும் போயின. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வெளிநாட்டு அரிசி வரத்துக் குன்றி, மரவள்ளிக்கிழங்கே உயிர் காத்த உணவாயிற்று. அக்காலத்தைக் கடந்து வந்த பாட்டிமார்கள் பிற்காலத்தில் ஒரு பருக்கை தரையில் விழுந்தாலும் பொறுக்கமாட்டார்கள். அதைக் கருமித்தனம் என்று எண்ணிய பேரப்பிள்ளைகள் பலர் உண்டு. பசியை நேரில் கண்டவர்களின் எச்சரிக்கை அது என்பது பிள்ளைகளுக்குப் பின்னரே விளங்கியது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், நகர மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் மறைந்தபோது, குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. மாடும் ஆடும் கோழியும் உடன் வரவில்லை. வாழை நடக் கொல்லைப்புறமும் இல்லை. பத்துப் பேர் உண்ணும் அளவில் சமைத்துப் பழகிய கை மட்டும் அப்படியே வந்து சேர்ந்தது. எஞ்சியதை ஏற்றுக்கொள்ள யாரும் இல்லாத வீட்டில், எஞ்சும்படி சமைக்கும் பழக்கம் தொடர்ந்தது. இன்றைய வீண்விரயத்தின் வேரை ஊதாரித்தனத்தில் தேடுவதைவிட இங்கே தேடுவதே நியாயம். நம் தாய்மார்கள் ஊதாரிகள் அல்லர்.

இனி, அதன் அளவைச் சற்று நோக்குவோம். மலேசியத் திடக்கழிவு நிர்வாகக் கழகம் வெளியிட்டுவந்த கணக்கின்படி, நாட்டில் நாள்தோறும் ஏறத்தாழ 17,000 டன் உணவுக் கழிவு சேர்கிறது. அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 4,000 டன், இன்னும் உண்ணத்தக்க நிலையிலேயே எறியப்படுவது. சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் சேர்ந்த உணவுக் கழிவு சுமார் 7 லட்சத்து 55 ஆயிரம் டன். தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் தேசம் அது. அங்கே எரித்த குப்பையின் சாம்பல் செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. அத்தீவும் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிறைந்துவிடும் என்பது மதிப்பீடு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை மற்றொன்றையும் காட்டுகிறது. 2022இல் உலகில் வீணான உணவில் பத்தில் ஆறு பங்கு வீடுகளிலிருந்து வந்ததே. உணவகங்களையும் விருந்து மண்டபங்களையும் குறை கூறிக்கொண்டிருப்போர் இதைக் கவனத்திற்கொள்ளல் வேண்டும்.

விலைவாசியும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசியின் மொத்த விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக ஏறியது. உள்நாட்டு அரிசியைத் தேடி மக்கள் கடை கடையாக அலைந்தனர். டிசம்பரில் வெங்காயத்துக்கும் இந்தியா தடை விதித்தது. அத்தடை 2024 மே மாதம் விலக்கப்பட்டது. அரிசிக்கான தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. தடைகள் வரும், போகும். எங்கோ ஒரு வயலில் மழை பொய்த்தால் இங்கே ஒரு சமையலறையில் அது தெரியும் என்பதை அந்த ஓராண்டு காட்டிவிட்டது.

சிக்கனம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், பலர் குளிர்பதனப் பெட்டியைக் காட்டுவர். உண்மையில் அது அரிசி அளக்கும் இடத்தில் தொடங்குகிறது. முன்னாளில் பால் டின்னே அளவு. வீட்டில் இத்தனை பேர், ஆகவே இத்தனை டின் என்பது தாயார் அறிந்த கணக்கு. மின்சாரக் குக்கர் வந்தபோது அதனுடன் ஒரு சிறு பிளாஸ்டிக் கோப்பையும் வந்தது. அதன் கொள்ளளவு 180 மில்லி லிட்டர். அதில் பிடிக்கும் அரிசி ஏறத்தாழ 150 கிராம். பால் டின் கணக்கிலேயே பழகியவர்கள் இக்கோப்பை சிறியதாயிற்றே என்று ஒன்று கூடுதலாகப் போட்டார்கள். அந்தக் கூடுதல் கோப்பை இன்றுவரை பல வீடுகளில் நீங்கவில்லை.

அந்த ஒரு கோப்பையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 150 கிராம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோ. பத்துக் கிலோ மூட்டைகளில் ஐந்தரை மூட்டை. உள்நாட்டு அரிசியின் கட்டுப்பாட்டு விலையாக அறியப்பட்ட கிலோவுக்கு 2 வெள்ளி 60 காசு என்ற விலையில் வைத்தாலும் 142 வெள்ளி ஆகிறது. வாசனை அரிசி வாங்கும் வீட்டில் இன்னும் கூடும். அந்தச் சோற்றுக்காக ஊற்றப்பட்டு அதனுடனேயே வீணாகும் சாம்பாரும் கூட்டும் இக்கணக்கில் சேரவில்லை. ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கும் காலணிக்கும் ஆகக்கூடிய பணம், நாளுக்கு ஒரு கோப்பையாகக் குப்பைப் பையில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

ஒரு வாரம் மட்டும் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். இரவு மிஞ்சிய சோறு எத்தனை அகப்பை என்பதை நாட்காட்டியில் அந்தந்தத் தேதியின் கீழ் எழுதி வைத்தால் போதும். ஏழாம் நாள் அந்தத் தாளே கூறிவிடும், எந்தக் கிழமையில் மகன் வெளியே உண்டு வருகிறான், எந்தக் கிழமையில் சோறு தேவைப்படுவதில்லை என்று. அதற்கேற்ப அளவைக் குறைத்துவிடலாம். விருந்தினர் திடீரென்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் தமிழ் வீடுகளுக்கே உரியது. விருந்தோம்பல் கெட்டுவிடக் கூடாது என்பது நியாயமே. முன்னாளில் விறகடுப்பில் மீண்டும் உலை வைப்பது பெரும்பாடு. இன்றோ குக்கரில் அரை மணி நேரத்துக்குள் சோறு வெந்துவிடுகிறது. வராத விருந்தினருக்காக நாள்தோறும் ஒரு கோப்பை வடிக்க வேண்டியதில்லை.

அப்படியும் சோறு மிஞ்சத்தான் செய்யும். மிஞ்சிய சோற்றைக் காப்பது பற்றிப் பலர் கருதிக்கொண்டிருப்பது ஒன்று, உண்மை வேறொன்று. ஆகவே இதைச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது.

அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்னும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். மண்ணிலிருந்து வருபவை அவை. கொதிநீரில் வெந்தாலும் அவ்வித்துகள் சாவதில்லை. சோறு சூடாக இருக்கும்வரை உறங்கிக் கிடக்கும். வெதுவெதுப்பான நிலைக்கு வந்தவுடன் விழித்துப் பெருகத் தொடங்கும். பெருகும்போது ஒரு நச்சுப் பொருளை உண்டாக்குகின்றன. மீண்டும் சூடாக்கினால் கிருமி மடியும், நச்சு மடியாது. எண்ணெயில் போட்டு வறுத்தாலும் அது போகாது. காலையில் வடித்து மாலைவரை மேசையில் கிடந்த சோற்றை இரவில் நன்றாக வறுத்துவிட்டால் தீங்கில்லை என்று நம்புவோர் ஏராளம். அந்நம்பிக்கை தவறானது. உண்ட ஓரிரு மணி நேரத்திலேயே வாந்தி கண்டு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ கண் பட்டுவிட்டது என்றோ கூறிக்கொள்ளும் நிகழ்ச்சிகளில் எத்தனை இதனால் விளைந்தவையோ, யார் அறிவார்?

5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பமே கிருமிகள் பெருகும் எல்லை. இந்நாடுகளின் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். எனவே சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருத்தலாகாது. குக்கரில் சூடு காக்கும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை சோறு பொதுவாக 60 பாகைக்கு மேல் இருக்கும். ஆகவே கேடில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி விசையை நிறுத்திவிட்டு, மூடியையும் திறவாமல் விட்டுவிடுவதுதான் மிக மோசமான முறை. மூடிய குக்கருக்குள் சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு அதைவிட வாய்ப்பான இடம் அமையாது. சில காசு மின்சாரத்தைக் காக்கப் போய் ஒரு பானைச் சோற்றை இழப்பது சிக்கனமாகாது.

செய்யத்தக்கது இதுவே. உண்டு முடித்தவுடன், மிஞ்சிய சோற்றை அகன்ற தட்டில் பரப்பி விசிறியின் கீழ் ஆற விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சிறு சிறு டப்பாக்களில் இட்டு மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாளைக்குள் ஒரே முறை ஆவி பறக்கச் சூடாக்கி உண்டுவிட வேண்டும். மறுநாளும் தேவைப்படாது என்று தெரிந்தால் அன்றிரவே பிரீசர் எனப்படும் உறைபனிப் பகுதிக்கு மாற்றிவிடலாம். ஒரு வேளைக்கான அளவாகப் பையில் தட்டையாக நிரப்பி வைத்தால் சில வாரங்கள் கழித்தும் அதே சோறு கிடைக்கும். எலுமிச்சைச் சாதத்துக்கும் புளிச்சோற்றுக்கும் புதிய சோற்றைவிட இது உதிரி உதிரியாக வரும் என்பது செய்து பார்த்தோர் அறிந்தது.

அப்படியானால் பாட்டி உண்ட பழையது தீங்கா என்ற வினா எழும். அன்று, வடித்து ஆறிய சோற்றில் அன்றிரவே அது முழுகும்படி தூய நீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தார்கள். நீரில் மூழ்கிய சோற்றில் தயிரைப் புளிக்கச் செய்யும் வகையைச் சேர்ந்த நற்கிருமிகள் வளர்ந்து நீரைப் புளிப்பாக்கின. அப்புளிப்பு மற்றக் கிருமிகள் பெருகத் தடையாயிற்று. விடிந்தவுடன் சின்ன வெங்காயத்தோடும் மோர்மிளகாயோடும் அதை உண்டு முடித்தார்கள். அதை நண்பகல் வரை யாரும் வைத்திருக்கவில்லை. பிற்பகலில் வடித்து, இரவு பதினொரு மணிவரை திறந்து கிடந்து, அதன்பின் நீரூற்றப்பட்ட சோறு வேறு. அதற்குப் பழையது என்று பெயர் சூட்டிவிடுவதால் முன்னோர் முறை ஆகிவிடாது. நீர் கொழகொழத்தாலோ, புளிப்பல்லாத வாடை வீசினாலோ, நிறம் மாறினாலோ அதைக் கொட்டிவிடுவதே சிக்கனம். கைக்குழந்தைக்கும் நோயுற்றவருக்கும் பழையது வேண்டாம்.

குழம்பு வகைகளுக்கும் இதே விதிதான். ஒரு சட்டிச் சாம்பாரை அப்படியே குளிர்பதனப் பெட்டியில் ஏற்றினால், அதன் நடுப்பகுதி குளிர்வதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதன் சூடு பக்கத்திலிருக்கும் பாலையும் தயிரையும் கெடுக்கும். ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து வைத்தல் நன்று. தேங்காய்ப் பால் சேர்த்த குழம்பு எல்லாவற்றினும் விரைவில் கெடுவது. கைத்திறம் வாய்ந்த தாய்மார்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். மசாலை வதங்கி, காய் வெந்து, தேங்காய்ப் பால் ஊற்றும் தறுவாயில், நாளைக்கென்று ஒரு பங்கைத் தனியே எடுத்துவிடுவார்கள். அன்றைய பங்குக்கு மட்டுமே பால். மறுநாள் அந்த அடிக்குழம்பில் புதிதாகப் பால் ஊற்றினால் அது புதுக்குழம்பு. இன்னொன்றும் உண்டு. குழம்பைச் சட்டியோடு மேசையில் வைத்து, உண்ட கரண்டியையே மீண்டும் மீண்டும் விட்டு எடுத்தால், அக்குழம்பை எத்தனை குளிரில் வைத்தும் பயனில்லை. எடுத்து வைக்க வேண்டியதை உண்ணத் தொடங்கும் முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும்.

குளிர்பதனப் பெட்டி என்பது காலத்தை நிறுத்தும் பெட்டியன்று, மெதுவாக்கும் பெட்டிதான். 4 பாகைக்குக் கீழ் இருந்தாலும் சமைத்த குழம்பு மூன்று நான்கு நாட்களுக்கு மேல் தாங்காது. தேதி எழுதாத டப்பா மறக்கப்பட்ட டப்பா. பழைய மளிகைக் கடைக்காரர் புது மூட்டை வந்தால் பின்னால் அடுக்கிவிட்டுப் பழைய மூட்டையை முன்னுக்கு இழுத்து வைப்பார். அதே முறை இங்கும் பொருந்தும். கடையில் வாங்கும் பொருளின் தேதியை வாசிப்பதிலும் தெளிவு வேண்டும். ‘தாரிக் லுப்புட்’ என்று அச்சிட்டிருந்தால் அத்தேதிக்குப் பின் பயன்படுத்தலாகாது. ‘பாய்க் செபெலும்’ என்று இருந்தால் அத்தேதி வரை சுவையும் மணமும் குறையாமல் இருக்கும் என்பதே பொருள். பிரிக்காத பருப்பு, பிஸ்கட் போன்றவற்றை அத்தேதி கழிந்த மறுநாளே குப்பையில் எறிய வேண்டுவதில்லை.

குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் தமிழ்ப் பெண்மணிகள் உணவைக் காத்த முறைகள் மிகுந்த அறிவு வாய்ந்தவை. வெயில், உப்பு, புளிப்பு, எண்ணெய் என்னும் நான்கே அவர்களின் கருவிகள். நீர் இல்லாத இடத்தில் கிருமி வாழாது. ஆகவே சுண்டைக்காயும் கொத்தவரங்காயும் வற்றலாயின. மிஞ்சிய சோறே மிளகாயும் சீரகமும் உப்பும் சேர்த்துப் பிசையப்பட்டு வடகமாயிற்று. உப்பு, காயிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். எலுமிச்சையின் புளிப்பு கிருமியை அண்டவிடாது. புளிக்காய்ச்சல் சேர்ந்த சோறு வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறாகத் தாங்கியதும் அதனால்தான்.

மலேசிய, சிங்கப்பூர் வானிலைக்கு இவை அப்படியே பொருந்தா என்பதையும் கூறியாக வேண்டும். தமிழகத்துச் சித்திரை வெயிலில் இரண்டு நாளில் காயும் வடகம், இங்கே பிற்பகல் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்துவிடும். கெடா, பெர்லிஸ் பகுதிகளில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கிடைக்கும் வறண்ட வெயில் கிழக்குக்கரையில் அதே மாதங்களில் கிடைப்பதில்லை. அடுக்குமாடியில் வசிப்போர்க்கு மொட்டை மாடியும் இல்லை. அதனால் வற்றலிடும் ஆசையுள்ளோர் சிறிய அளவில், காலையில் காய வைத்து, உச்சிப் பொழுதுக்குப் பின் உள்ளே எடுத்து, கடைசியில் வெதுவெதுப்பான அவனில் ஈரம் போக உலர்த்திக்கொள்வது நல்லது. பூஞ்சணம் கண்டதைத் துடைத்துவிட்டுப் பொரிப்பது கூடாது. எண்ணெயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் ஊற வைத்து அடுப்பங்கரை அலமாரியில் வைத்திருக்கும் வழக்கம் ஆபத்தானது. காற்றுப் புகாத, புளிப்பில்லாத இடத்தில் வளர்வதற்கென்றே கொடிய கிருமி ஒன்று உண்டு. பூண்டு ஊறுகாயில் போதிய புளியோ எலுமிச்சையோ சேர வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்தியது சுவைக்காக மட்டும் அன்று.

இன்றைய வீட்டுக்குப் பொருத்தமான பத்தாயம் பிரீசரே. தைப்பூசத்திலும் மற்றத் திருநாட்களிலும் அர்ச்சனைத் தேங்காய் மூடிகள் வீட்டில் சேர்ந்துவிடும். இரண்டு நாளில் அவை வழவழத்துப் போகும். வந்த அன்றே துருவி, ஒரு சமையலுக்கு ஒரு பை என்று தட்டையாகப் பிரித்து உறைய வைத்தால், ஒரு மாதம் தேங்காய் வாங்க வேண்டியதில்லை. கறிவேப்பிலையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து வைக்கலாம். எலுமிச்சைச் சாற்றைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி வைக்கலாம். புளித்துவிட்ட இட்லி மாவு வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்ந்தால் ஊத்தப்பம். எஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளித்தால் உப்புமா. பீர்க்கங்காய்த் தோலும் சௌசௌ தோலும் துவையலுக்கு ஏற்றவை. கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு உதவும். தர்பூசணியின் சிவப்புக்கும் பச்சைத் தோலுக்கும் நடுவிலுள்ள வெண்பகுதியைப் பூசணிக்காய்போல் கூட்டு வைத்தால், உண்போருக்கு வேறுபாடே தெரியாது. இவையெல்லாம் தாய்மார்கள் அறிந்தவையே. விரித்துரைக்கத் தேவையில்லை.

விரித்துரைக்க வேண்டியது வேறொன்று. அதைக் கூறுவதற்கு இம்மண்டபத்தில் சிலர் முகம் சுளிக்கவும் கூடும்.

பெரும்பாலான வீடுகளில் எஞ்சிய உணவைக் காக்கும் முறை குளிர்பதனப் பெட்டியும் அன்று, வற்றலும் அன்று. தாயாரின் வயிறுதான். பிள்ளைகள் பாதியில் விட்ட சோறு, கணவர் தொடாத நேற்றைய பொரியல், சட்டியின் அடியில் தங்கிய குழம்பு ஆகிய எல்லாம் அவர் தட்டுக்கே வந்து சேர்கின்றன. பசியிருந்தாலும் இல்லாவிட்டாலும் வீணாகக் கூடாதே என்று அவர் உண்கிறார். புதிதாகச் சமைத்தது மற்றவர்களுக்கு, முந்தாநாள் சமைத்தது அவருக்கு. இதைத் தியாகம் என்று மேடையில் புகழ்வது எளிது. 2019ஆம் ஆண்டு மலேசியத் தேசிய சுகாதார ஆய்வு கூறியதைக் கேட்டால் அப்புகழ்ச்சி தொண்டையில் சிக்கிக்கொள்ளும். நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். இதற்குக் காரணங்கள் பல உண்டு. பழியனைத்தையும் மிஞ்சிய சோற்றின் மேல் போடுவது முறையன்று. ஆயினும் தேவைக்கு மேல் ஒரு கை சோறு, அதுவும் இரவு பத்து மணிக்கு, ஆண்டுக்கணக்கில் உண்ணப்பட்டால் அது சர்க்கரையாகவே உடலில் சேரும். குப்பைத் தொட்டிக்குப் போகாமல் காத்த அரிசியின் விலை சில காசு. மருந்துக்கும் கால் புண்ணுக்கும் பின்னர் ஆகும் செலவை அக்குடும்பம் அந்தக் காசோடு சேர்த்துக் கணக்கிடுவதில்லை.

இதற்கு வழி தாயாரிடம் இல்லை, உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மற்றவர்களிடம் இருக்கிறது. நேற்றைய குழம்பு மேசைக்கு வந்தால் அனைவர் தட்டிலும் ஒரு கரண்டி விழ வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் குறைவாகப் பரிமாறி, வேண்டுமானால் மறுமுறை கேட்கச் சொல்ல வேண்டும். இரவு உணவுக்கு வரமாட்டேன் என்பதை மகனோ மகளோ மாலை ஆறு மணிக்குள் தொலைபேசியில் தெரிவித்துவிட்டால் ஒரு கோப்பை அரிசி மிஞ்சும். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு முன்னதாக வியாழன் இரவு என்று வைத்துக்கொள்ளலாம், புதிதாக எதுவும் வாங்காமல் பெட்டியில் இருப்பதைக் கொண்டே சமைப்பது என்று குடும்பமாக முடிவு செய்யலாம். அன்று சமைப்பவர் குடும்பத் தலைவராக இருந்தால் தவறில்லை. பெட்டியில் என்னென்ன கிடக்கின்றன என்பதை அவரும் ஒருமுறை காணட்டும். தாயாரும் அன்று எல்லாரோடும் உட்கார்ந்து, சூடாக, முதல் பந்தியிலேயே உண்ணட்டும்.

ஆலயத்துக்கும் இதில் பங்குண்டு. அன்னதானத்தில் இலை நிறைய வைப்பதே புண்ணியம் என்ற எண்ணத்தில் பரிமாறுவோர் அளவின்றிப் பரிமாறுகின்றனர். உண்போர் பாதியில் எழுந்துவிட, இலையோடு சுருட்டப்படுகிறது பிரசாதம். முதல் முறை ஒரு கரண்டி, கேட்டால் மறு கரண்டி என்று தொண்டர்கள் வைத்துக்கொண்டால் எவர் பசியும் குறைந்துவிடாது. பரிமாறாமல் அண்டாவிலேயே எஞ்சிய தூய உணவை ஆதரவற்றோர் இல்லங்களுக்கு வழங்குவதற்கு முன்பெல்லாம் நிர்வாகத்தினர் அஞ்சினர். உண்டவர்க்கு ஏதேனும் நேர்ந்தால் வழக்கு வருமோ என்பது அந்த அச்சம். நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் உணவு வழங்குவோரைக் காக்கும் சட்டம் மலேசியாவில் 2020இல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரிலும் அத்தகைய சட்டம் 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் காக்கும் என்பதற்காகக் காலைச் சோற்றை மாலையில் அனுப்புவது கூடாது. வழங்குவதாயின் பந்தி முடிந்த சூட்டோடு வழங்க வேண்டும்.

பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்லும் அன்பர்கள் பலர். வீட்டிலிருக்கும் முதியவருக்கு அம்பாள் பிரசாதம் சென்று சேர வேண்டும் என்பது அவர்கள் விருப்பம், நல்ல விருப்பமே. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குச் சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, வாகனத்தின் பின்னிருக்கையில் வெயிலில் வைத்து, வழியில் இரண்டு உறவினர் வீடுகளைப் பார்த்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு அம்முதியவருக்கு ஊட்டினால், மேலே கூறிய கிருமிக்கு ஆறு மணி நேரம் கொடுத்ததாகும். சிங்கப்பூரில் விருந்துணவு வழங்கும் நிறுவனங்கள் உணவோடு நேரம் குறித்த ஒட்டுத்தாளையும் வைக்கின்றன. சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. அதே முறையை இவ்வாலயமும் பின்பற்றலாம். பொட்டலம் கட்டும் மேசையில் ஒரு கடிகாரமும் ஒரு பேனாவும் இருந்தால் போதும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சமைத்த நேரத்தை எழுதிவிடலாம். சோற்றையும் சாம்பாரையும் தனித்தனியே கட்டலாம். தொலைவிலிருந்து வந்திருப்போருக்குச் சாம்பார்ச் சோற்றுக்குப் பதிலாகப் புளியோதரையும், உடைத்த தேங்காயும் பழமும் கொடுத்தனுப்பலாம். பொட்டலம் பெறுவோர் வேறெங்கும் செல்லாமல் நேரே வீட்டுக்குச் சென்று, உடனே உண்ணாவிடில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுமாறு வாசலில் நிற்கும் தொண்டர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும்.